வெளியில் கிடக்கும் டிஎன்ஏவை பாக்டீரியா எப்போது எடுத்துக்கொள்ளும், எதை வைத்து முடிவு செய்யும்?

கேள்வி இதுதான்: "சில பாக்டீரியாக்கள் சுற்றிலும் கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துத் தங்கள் மரபணுத் தொகுதியோடு சேர்த்துக்கொள்ளும் என்று படித்தேன். இது எப்போதும் நடந்துகொண்டே இருக்குமா? இல்லையென்றால், எப்போது இழுக்க வேண்டும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? கல்லூரி லேபில் கால்சியம் குளோரைடு போட்டு இ.கோலைக்குள் பிளாஸ்மிடை ஏற்றுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?"

கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. கால்சியம் குளோரைடில் குளிர வைத்த இ.கோலைக்குள் வெளி டிஎன்ஏ நுழையும் என்று மேண்டலும் ஹிகாவும் 1970இல் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டிஎன்ஏ. பிளாஸ்மிட் என்ற சின்ன வட்ட டிஎன்ஏ அதற்குப் பிறகு வந்தது. ஐஸில் வைப்பது, 42 டிகிரியில் கொஞ்ச நேரம் சூடு காட்டுவது எல்லாமே நாம் செய்கிற வேலை. செல் அங்கே எதையும் முடிவு செய்வதில்லை. சவ்வு தற்காலிகமாகப் பலவீனப்படுகிறது, டிஎன்ஏ எப்படியோ உள்ளே போய்விடுகிறது, அவ்வளவுதான். இயற்கையாக எடுத்துக்கொள்ளும் பாக்டீரியாவில் கதையே வேறு. அங்கே செல் தன் மரபணுக்களைக் கொண்டே ஒரு தனி இயந்திரத்தைக் கட்டி டிஎன்ஏவை இழுக்கிறது. அப்படி இழுக்கத் தயாராக இருக்கும் நிலையை காம்பிடன்ஸ் என்பார்கள். இந்தப் பதிலில் அதை ஏற்புநிலை என்று எழுதுகிறேன்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்தான் அப்புறம் வருவது புரியும். பெரும்பாலான இனங்களில் செல்லின் மேற்பரப்பிலிருந்து பைலஸ் என்ற மெல்லிய புரத இழை நீண்டு, வெளியில் கிடக்கும் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குகிறது. 2018இல் காலரா கிருமியில் இதை நேரடியாக நுண்ணோக்கியில் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். உள்ளே இழுபட்ட டிஎன்ஏவை காம்ஈஏ என்ற புரதம் வாங்கிக்கொள்ள, உள்சவ்வில் இருக்கும் காம்ஈசி என்ற துளை வழியாக அது செல்லுக்குள் போகிறது. இரட்டை இழையில் ஒன்று மட்டும்தான் உள்ளே போகும், மற்றது சிதைந்துவிடும். உள்ளே வந்த ஒற்றை இழையை டிபிஆர்ஏ என்ற புரதம் பொத்திப் பாதுகாத்து ரெக்ஏவிடம் கொடுக்கும். ரெக்ஏ அதற்குப் பொருந்துகிற இடத்தை செல்லின் குரோமோசோமில் தேடிப்பிடித்து அங்கே சேர்க்கும். பொருந்தும் இடமே இல்லையென்றால் அந்த இழை வீணாகிப் போகும். இந்த டிபிஆர்ஏவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் எதிர்பாராத வேலையோடு வரும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. எப்போதும் நடக்குமா என்றால், சில இனங்களில் கிட்டத்தட்ட ஆமாம். மேகவெட்டை நோயை உண்டாக்கும் நைசீரியா கனோரியா ஏறக்குறைய எந்நேரமும் தயாராகவே இருக்கும். ஆனால் அது கண்ட டிஎன்ஏவையும் எடுத்துவிடாது. பத்து எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத் தொடர் இருக்கும் டிஎன்ஏவையே அது விரும்பி எடுக்கும், அந்தத் தொடர் அதன் சொந்த மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் இடங்களில் இருக்கிறது. அதாவது எப்போது என்பதில் கட்டுப்பாடு இல்லை, எதை என்பதில் இருக்கிறது. மற்றபடி நமக்கு நன்றாகத் தெரிந்த பெரும்பாலான இனங்களில் ஏற்புநிலை கொஞ்ச நேரம் வந்து போகிற விஷயம்.

ஏன் எப்போதும் திறந்து வைப்பதில்லை என்றால், அதற்குச் செலவு அதிகம். இயந்திரத்தைக் கட்டும்போது செல் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது, சில இனங்களில் பிரிவதையே நிறுத்திவிடுகிறது. ஆபத்தும் இருக்கிறது. வெளியில் மிதக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் செத்த செல்களிடமிருந்து வந்தது. செத்தவை ஏதோ ஒரு காரணத்தால்தான் செத்திருக்கும். பழுதான மரபணு, தன்னலமாகப் பரவும் ஒட்டுண்ணித் துண்டு என எதுவும் அதில் இருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மரபணுத் தொகுதியில் இதையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் நஷ்டம்தான். ஆகவே எப்போது என்பது செல்லுக்குப் பெரிய முடிவு. ஒவ்வொரு இனமும் அந்த முடிவை எடுக்கும் விதம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸிலிருந்து தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் எல்லாமே அதில்தான் தொடங்கியது. 1928இல் லண்டனில் ஃபிரெடரிக் கிரிஃபித், சூட்டில் கொன்ற வீரியக் கிருமியையும் உயிருள்ள சாதுக் கிருமியையும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது, அதன் உடம்பிலிருந்து உயிருள்ள வீரியக் கிருமி கிடைத்தது. 1944இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் அந்த மாற்றத்தைச் செய்த பொருள் டிஎன்ஏதான் என்று நிறுவினார்கள். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். ஏவரி ஆய்வகம் பட்ட பாட்டை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சோதனைக் குழாயில் இந்த மாற்றம் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. சீரமோ நோயாளியின் நெஞ்சிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த திரவமோ சேர்க்க வேண்டியிருந்தது, அதிலும் சில சரக்கு வேலை செய்யாது. அவர்கள் எதிரே நின்றது ஏற்புநிலையின் கட்டுப்பாடுதான். டிஎன்ஏ சுத்தமாக இருந்து என்ன பயன், அந்த நேரத்தில் செல் தயாராக இல்லையென்றால்?

1965இல் அலெக்சாண்டர் டொமாஸ் இதன் முடிச்சை அவிழ்த்தார். ஏற்புநிலையில் இருக்கும் நியூமோகாக்கஸ் கூட்டம் வெளியில் ஏதோ ஒரு பொருளை விடுகிறது, அதை எடுத்துத் தயாராகாத கூட்டத்தில் சேர்த்தால் அதுவும் தயாராகிவிடுகிறது என்று காட்டினார். ஹார்மோன் போன்ற பொருள் என்றே அவர் எழுதினார். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருளால் பேசிக்கொள்கின்றன என்ற கருத்துக்கு முதல் சான்றுகளில் ஒன்று அது. அந்தப் பொருள் என்ன என்று தெரிய இன்னும் முப்பது வருடம் ஆனது. 1995இல் ஹோவர்ஸ்டைன், குமாரசுவாமி, மாரிசன் மூவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள்: 17 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் பெப்டைட். ஆங்கிலச் சுருக்கத்தில் அதை சிஎஸ்பி என்பார்கள்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. காம்சி என்ற மரபணு 41 அமினோ அமில நீளத்தில் ஒரு முன்வடிவத்தைத் தயாரிக்கிறது. காம்ஏபி என்ற ஏற்றுமதிப் புரதம் அதன் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை சிஎஸ்பியாக வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த சிஎஸ்பி, சவ்வில் நிற்கும் காம்டி என்ற உணரியில் ஒட்டுகிறது. உடனே காம்டி தன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, அதை உள்ளே இருக்கும் காம்ஈ என்ற புரதத்திடம் கொடுக்கிறது. பாஸ்பேட் ஏறிய காம்ஈ எந்த மரபணுக்களை முடுக்கிவிடுகிறது தெரியுமா? காம்ஏ, காம்பி, காம்சி, காம்டி, காம்ஈ. அதாவது இந்தச் சுற்றை உண்டாக்கிய அதே மரபணுக்களை. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் சின்ன முணுமுணுப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாகிறதே, அதே கணக்கு. சாதாரண நேரத்தில் இந்தச் சுற்று மிகத் தாழ்ந்த மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் எல்லையைத் தாண்டிவிட்டால் சில நிமிடத்தில் கூட்டம் முழுவதும் ஏற்புநிலைக்குப் போய்விடும்.

காம்ஈ இன்னொரு காரியமும் செய்கிறது. சிக்மா-எக்ஸ் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. ஆர்என்ஏ பாலிமரேஸ் எந்த மரபணுவைப் படிக்க வேண்டும் என்று வழிகாட்டுவது சிக்மா காரணிகள். சிக்மா-எக்ஸ் ஒட்டிக்கொண்ட பாலிமரேஸ், எட்டெழுத்துத் தொடர் ஒன்றை முன்னால் வைத்திருக்கும் மரபணுக்களைத் தேடிப் போய்ப் படிக்கும். டிஎன்ஏவை இழுக்கும் இயந்திரம் முழுவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் மரபணு கொண்ட இந்தக் கிருமியில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஏற்புநிலையின்போது விழித்துக்கொள்கின்றன. ஆனால் டிஎன்ஏவை எடுத்துச் சேர்க்க உண்மையில் தேவைப்படுபவை இருபது சொச்சம்தான். மற்றதெல்லாம் எதற்கு என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

திறந்தது மூடவும் வேண்டுமல்லவா? இருபது, முப்பது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். மூடுவது யார் என்பது 2013இல் தெரிந்தது: நம் டிபிஆர்ஏதான். உள்ளே வந்த டிஎன்ஏவைப் பாதுகாக்கும் அதே புரதம், அளவு கூடியதும் பாஸ்பேட் ஏறிய காம்ஈயைப் பிடித்து முடக்கிவிடுகிறது. வேலைக்காரனே வேலை முடிந்தது என்று மெயின் சுவிட்சை அணைக்கிறான். டிபிஆர்ஏவை நீக்கிவிட்டால் ஏற்புநிலை சரியாக அடங்காது, கிருமியின் வளர்ச்சி பாதிக்கப்படும். எப்போதும் திறந்து வைப்பது நஷ்டம் என்று முன்னால் சொன்னேனே, அதற்கு இது நேரடிச் சான்று.

சரி, எல்லையைத் தாண்ட வைப்பது எது? நீண்ட நாளாகச் சொல்லப்பட்ட பதில், கூட்டம் பெருகுவது. செல்கள் நெருங்க நெருங்க வெளியில் சிஎஸ்பி சேரும், ஒரு அளவில் சுற்று பற்றிக்கொள்ளும். இது தப்பில்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. ஊடகத்தின் அமிலத்தன்மையைக் கொஞ்சம் கூட்டினால், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஏற்புநிலை தானாக வராது. லேசான காரத்தன்மை வேண்டும். அதை விட முக்கியம், 2006இல் துலூஸ் நகர ஆய்வாளர்கள் காட்டியது: சில ஆன்டிபயாட்டிக்குகளே ஏற்புநிலையைக் கிளப்பிவிடுகின்றன. டிஎன்ஏவைச் சிதைக்கும் மைட்டோமைசின்-சி, ஃப்ளூரோகுயினலோன் வகை மருந்துகள், அப்புறம் ஸ்ட்ரெப்டோமைசின். கொல்லும் அளவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் மருந்து, கிருமிக்கு மரபணு சேகரிக்கும் ஆசையைத் தூண்டுகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு 2014இல் கிரோனிங்கன் குழு கொடுத்த விளக்கம் எளிமையானது, அதனாலேயே அழகானது. பாக்டீரியாவின் குரோமோசோம் வட்டமானது. ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து இரு பக்கமும் நகலெடுக்கத் தொடங்கும். ஃப்ளூரோகுயினலோன் போன்ற மருந்து, நகலெடுத்துக்கொண்டு போகும் இயந்திரத்தை வழியில் நிறுத்திவிடும். ஆனால் தொடக்கப் புள்ளியில் புதுப்புது நகல்கள் தொடங்குவது நிற்காது. விளைவு, தொடக்கப் புள்ளிக்கு அருகில் இருக்கும் மரபணுக்கள் ஒரு செல்லில் வழக்கத்தை விடப் பல பிரதிகளில் இருக்கும். தூரத்தில் இருப்பவை அப்படி இராது. காம்ஏபி, காம்சிடிஈ என்ற இரண்டு மரபணுக் கூட்டங்களும் எங்கே இருக்கின்றன? தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்திலேயே. பிரதி கூடியதால் புரதம் கூடுகிறது, சுற்று எல்லையைத் தாண்டுகிறது. உணரி என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை, மரபணு உட்கார்ந்திருக்கும் இடமே உணரியாகிவிடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் விஷயம் வேறு. அது புரதங்களைத் தப்பாகத் தயாரிக்க வைக்கிறது. தப்பான புரதங்களையும் சிஎஸ்பியையும் வெட்டித் தள்ளும் வேலை எச்டிஆர்ஏ என்ற ஒரே நொதியிடம் இருக்கிறது. குப்பை பெருகியதும் அதற்கு சிஎஸ்பியைக் கவனிக்க நேரமில்லை, சிஎஸ்பி சேர்ந்துவிடுகிறது.

இ.கோலை போன்ற பல பாக்டீரியாக்களுக்கு டிஎன்ஏ சேதமடைந்தால் எஸ்ஓஎஸ் என்ற அவசரகால ஏற்பாடு உண்டு. நியூமோகாக்கஸுக்கு அது கிடையாது. அதனால் ஏற்புநிலைதான் அதன் எஸ்ஓஎஸ் என்பது துலூஸ் குழுவின் வாதம். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. விழித்துக்கொள்ளும் நூற்றுச் சொச்சம் மரபணுக்களில் பெரும்பாலானவைக்கு டிஎன்ஏவை எடுப்பதோடு சம்பந்தம் இல்லாததற்கும் அது பொருந்துகிறது.

ஏற்புநிலைக்கு வந்த நியூமோகாக்கஸ் இன்னொரு கொடூரமும் செய்யும். ஏற்புநிலைக்கு வராத தன் இனச் செல்களை உடைக்கும். சிபிபிடி என்ற நொதியை வெளியே விட்டு அவற்றின் சுவரைச் சிதைக்கும். காம்எம் என்ற புரதத்தால் தன்னை மட்டும் காத்துக்கொள்ளும். சிபிபிடி சிக்மா-எக்ஸின் கட்டளையில் வருகிறது, காம்எம் சுற்றின் ஆரம்பக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. கவசம் முதலில், ஆயுதம் பிறகு. சகோதரக் கொலை என்றே ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிஎன்ஏ கிடைக்குமா என்று காத்திருக்காமல் தானே ஏற்பாடு செய்துகொள்கிறது.

அடுத்தது பேசில்லஸ் சப்டிலிஸ், மண்ணில் வாழும் சாது. 1958இல் ஸ்பிசைசன் இதன் 168 என்ற வகையில் ஏற்புநிலையைக் காட்டியதிலிருந்து ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. நியூமோகாக்கஸ் கூட்டம் மொத்தமாகத் தயாராகும். இது அப்படியில்லை. உணவு தீர்ந்து வளர்ச்சி மந்தமாகும்போது, கூட்டத்தில் பத்து முதல் இருபது சதவீதம் செல்கள் மட்டும் ஏற்புநிலைக்குப் போகும். அத்தனையும் ஒரே மரபணு கொண்டவை, ஒரே குழாயில், ஒரே சாப்பாட்டில் வளர்ந்தவை. பிறகு ஏன் சில மட்டும்?

இங்கே எல்லா அதிகாரமும் காம்கே என்ற ஒரே புரதத்திடம் இருக்கிறது. காம்கே இருந்தால் ஏற்புநிலை, இல்லையென்றால் இல்லை. சாதாரண நேரத்தில் செல் காம்கேயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கும், தயாரித்த உடனேயே அழித்தும்விடும். மெக்ஏ என்ற புரதம் அதைப் பிடித்து, கிளிப்சி, கிளிப்பி என்ற அரவை இயந்திரத்தில் போட்டுவிடும். கூட்டம் பெருகும்போது, காம்எக்ஸ் என்ற பெப்டைட் வெளியில் சேர்ந்து, காம்பி, காம்ஏ வழியாகச் செய்தி உள்ளே போகிறது. (நியூமோகாக்கஸில் சிக்மா-எக்ஸ் புரதத்துக்கான மரபணுவுக்கும் காம்எக்ஸ் என்றே பெயர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இங்கே வரும் காம்பி, காம்ஏவும் நியூமோகாக்கஸில் பார்த்தவை அல்ல. பெயர் வைத்தவர்களைத் திட்டிக்கொண்டே படிக்க வேண்டியதுதான்.) அந்தச் செய்தியால் காம்எஸ் என்ற சின்னப் புரதம் உண்டாகிறது. காம்எஸ் போய் மெக்ஏவிடம் ஒட்டிக்கொள்ள, காம்கேயைப் பிடிக்க ஆள் குறைகிறது. காம்கே சேர்கிறது. சேர்ந்த காம்கே தன் மரபணுவைத் தானே முடுக்குகிறது. இங்கேயும் அதே பெருக்கம்தான்.

ஆனால் எல்லை சற்று உயரத்தில் இருக்கிறது. காம்கேயின் ஆர்என்ஏ ஒரு செல்லில் சராசரியாக மிகமிகக் குறைவு. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் வெறும் அதிர்ஷ்டம்தான்: ஒரு செல்லில் தற்செயலாக ஒன்றிரண்டு கூடிவிட்டால் அது எல்லையைத் தாண்டிப் போய்விடும், பக்கத்துச் செல் தாண்டாது. இது வெறும் ஊகமாக இருந்ததை 2007இல் டப்னாவின் குழு சோதித்துப் பார்த்தது. காம்கேயின் சராசரி அளவை மாற்றாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் குறைக்கும்படி மரபணுவை மாற்றினார்கள். ஏற்புநிலைக்குப் போகும் செல்களின் எண்ணிக்கை குறைந்தது. அதே காலத்தில் எலோவிட்ஸின் ஆய்வகம் தனித்தனிச் செல்களைப் படம் பிடித்து, காம்கே உச்சத்துக்குப் போனதும் காம்எஸ் உற்பத்தி அடங்கி, மெக்ஏ மறுபடி கை ஓங்கி, செல் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டியது. போவது தற்செயல், திரும்புவது சுற்றின் அமைப்பிலேயே இருக்கிறது.

இந்தச் சூதாட்டத்துக்குக் காரணம் ஊகிக்கக்கூடியது. உணவு தீரும்போது பேசில்லஸுக்கு வழிகள் பல: வித்துறையாகி (ஸ்போராகி) உறங்கலாம், நீந்திப் போகலாம், காத்திருக்கலாம். நாளை என்ன வரும் என்று தெரியாத நிலையில் எல்லாச் செல்களும் ஒரே வழியில் போவது ஆபத்து. கொஞ்சம் பேர் டிஎன்ஏ பக்கம், மீதிப் பேர் வேறு பக்கம். ஏற்புநிலைச் செல்கள் வளர்வதில்லை என்பதால் பெனிசிலினுக்கும் எளிதில் சாவதில்லை; அதுவும் ஒரு லாபம். ஒன்று கவனிக்க வேண்டும்: அந்தப் பத்து, இருபது சதவீதம் ஆய்வகத்தில் பழக்கப்பட்ட 168இன் கணக்கு. ஆய்வகத்துக்குப் பழக்கப்படாத 3610 என்ற வகையில் ஏற்புநிலைக்குப் போகும் செல்கள் மிகக் குறைவு. அதிலுள்ள ஒரு பிளாஸ்மிடில் டிஎன்ஏ ஏற்பதைத் தடுக்கும் காம்ஐ என்ற மரபணுவும் இருக்கிறது. நாம் நன்றாகப் படித்து வைத்திருப்பது, எளிதில் மாறுவதற்காக நாமே பொறுக்கி எடுத்த ஒரு கிருமியை.

மூன்றாவது, காலரா கிருமி. விப்ரியோ காலரே வெகுகாலம் ஏற்புநிலைக்கு வராத இனம் என்றே கருதப்பட்டது. 2005இல் ஸ்டான்ஃபோர்டில் மைபோம், பிளோகெஷ், ஸ்கூல்னிக் முதலானோர், நண்டு ஓட்டுத் துண்டில் அதை வளர்த்தபோது நன்றாகவே டிஎன்ஏவை எடுத்ததைக் கண்டார்கள். தூண்டியது ஓட்டில் இருக்கும் கைட்டின். நமக்கு நோயாகத் தெரியும் இந்தக் கிருமிக்குச் சொந்த வீடு கடலோர நீரும் கழிமுகமும்தான். அங்கே கோபிபாட் போன்ற சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும். ஆய்வகத்து ஊட்டச்சத்துக் குழம்பில் கைட்டின் ஏது? அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. முதன்முதலில் மரபணு வரிசை படிக்கப்பட்ட காலரா வகையில் வேறு, ஏற்புநிலைக்குத் தேவையான ஹேப்ஆர் மரபணு பழுதாகி இருந்தது. அதையே வைத்துத் தேடியிருந்தால் கைட்டினைப் போட்டும் பயனில்லை.

இங்கே கட்டுப்பாடு பல பூட்டுப் போட்டது. கைட்டின் இருந்தால் டிஎஃப்ஓஎக்ஸ் என்ற புரதம் உண்டாகும். பைலஸ் உட்பட இழுக்கும் கருவிகளுக்கு அது பொறுப்பு. கூட்டம் அடர்த்தியாக இருந்தால் ஹேப்ஆர் உண்டாகும். வெளியில் இருக்கும் டிஎன்ஏவை வெட்டித் தின்னும் டிஎன்எஸ் என்ற நொதியை அது அடக்கிவிடும். கூட்டம் இல்லாதபோது டிஎன்ஏ இரை, கூட்டம் கூடியதும் அதே டிஎன்ஏ சொத்து. மூன்றாவது, குளுக்கோஸ் போன்ற சுலபமான சர்க்கரை இருக்கக் கூடாது. இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு குறைந்து எல்லாம் நின்றுவிடும். மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். அப்போது வகை-ஆறு சுரப்பமைப்பு என்ற ஈட்டியும் வெளியே வரும். 2015இல் பிளோகெஷின் குழு இதைக் காட்டியது: கிருமி பக்கத்தில் இருக்கும் வேற்று வகைச் செல்லைக் குத்திக் கொன்று, கொட்டும் டிஎன்ஏவை இழுத்துக்கொள்கிறது. செத்து வெகுநேரமாகாத டிஎன்ஏ என்பதால் துண்டுகள் நீளமாகவே இருக்கும். ஒன்றரை லட்சம் எழுத்துக்கு மேல் ஒரே செல்லில் மாறியிருப்பதைப் பின்னர் பார்த்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1992 பிற்பகுதியில் சென்னையில் புதுவிதமான காலரா தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாக வந்தது எல்லாம் ஓ1 வகை. இது அதில் அடங்கவில்லை. ஓ139 என்று எண் கொடுத்தார்கள், வங்காள விரிகுடாவை ஒட்டிப் பரவியதால் பெங்கால் என்ற பெயரும் சேர்ந்தது. ஓ1க்கு எதிர்ப்புச் சக்தி இருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. மரபணுவைப் பார்த்தால், ஓ1இன் எல்டார் என்ற கிளைவகைக் கிருமியேதான், மேல்பூச்சைச் செய்யும் மரபணுத் தொகுதி மட்டும் மொத்தமாக மாறியிருந்தது. 2007இல் பிளோகெஷும் ஸ்கூல்னிக்கும் கைட்டின் பரப்பில் ஓ1 கிருமியை வளர்த்து ஓ139இன் டிஎன்ஏவைக் கொடுத்தார்கள். ஒரே தாவலில் அது ஓ139 ஆனது. 1992இல் இப்படித்தான் நடந்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது. இப்படி நடக்க முடியும் என்பதற்குச் சாட்சி.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது பசியைப் பார்க்கிறது. நல்ல சர்க்கரை குறைந்தால் சைக்ளிக் ஏஎம்பி கூடி சிஆர்பி என்ற புரதம் விழிக்கும். அதோடு டிஎன்ஏ செய்யத் தேவைப்படும் பியூரின்களுக்குத் தட்டுப்பாடு வர வேண்டும். அப்போதுதான் எஸ்எக்ஸ்ஒய் என்ற இரண்டாவது புரதம் போதுமான அளவு உண்டாகும். ஊடகத்தில் பியூரின் நியூக்ளியோடைடுகளைச் சேர்த்தால் ஏற்புநிலை குறைந்துவிடும். இதை வைத்து ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் வெகுகாலமாக ஒரு வாதத்தை முன்வைத்து வருகிறார்: பாக்டீரியா டிஎன்ஏவை எடுப்பது முதன்மையாகச் சாப்பிட, மரபணு மாறுவது பக்கவிளைவு. எதிர்வாதமும் பலமானது. இதே கிருமி ஒன்பது எழுத்து அடையாளத் தொடர் இருக்கும் டிஎன்ஏவைத்தான் விரும்பி எடுக்கும். 18 லட்சம் எழுத்து கொண்ட அதன் மரபணுத் தொகுதியில் தற்செயலாக அந்தத் தொடர் எட்டு இடத்தில் வரலாம். உண்மையில் இருப்பது ஏறத்தாழ 1,500. சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் சொந்த சாதி டிஎன்ஏவாகப் பார்த்து ஏன் எடுக்க வேண்டும்? எடுக்கும் இயந்திரத்தின் விருப்பமே காலப்போக்கில் மரபணுத் தொகுதியில் அந்தத் தொடரைப் பெருக்கிவிட்டது என்பது ரெட்ஃபீல்டின் பதில்.

பாக்டீரியா டிஎன்ஏவை எதற்காக எடுக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் உணவு, பழுதுபார்ப்பு, புது மரபணு என மூன்று முகாம்கள் சண்டை போடும். சண்டைக்கு முடிவு வராததற்குக் காரணம் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இயந்திரம் எல்லா இனத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. சுவிட்சு ஒவ்வொன்றிலும் வேறு. எப்போது திறக்கிறது என்பதைப் பார்த்தால், எந்த லாபத்துக்காக அந்த இனத்தில் இயற்கைத் தேர்வு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். நியூமோகாக்கஸில் சேதம், ஹீமோஃபிலஸில் பசி, பேசில்லஸில் நிச்சயமின்மை, காலராவில் கூட்டமும் இடமும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிறவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நடைமுறையில் இது எங்கே உறைக்கிறது என்றால், நியூமோகாக்கஸில்தான். அதன் பெனிசிலின் எதிர்ப்பு பெரும்பாலும் புதிதாக உண்டானதில்லை. நம் வாயிலும் தொண்டையிலும் வாழும் பக்கத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களின் மரபணுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்தது. உலகமெங்கும் பரவிய ஒரே பரம்பரையைச் சேர்ந்த 240 மாதிரிகளை 2011இல் ஒப்பிட்டபோது, சில பத்தாண்டுகளுக்குள் 700க்கும் மேற்பட்ட தடவை வெளி டிஎன்ஏ சேர்ந்திருந்தது. தடுப்பூசி குறிவைக்கும் மேலுறையையே மாற்றிக்கொண்ட சம்பவங்களும் அதில் உண்டு.

அதனால் கிருமியைக் கொல்லாமல் சுவிட்சை மட்டும் முடக்கலாமா என்று இப்போது தேடுகிறார்கள். 2020இல் லோசானில் உள்ள வேனிங்கின் குழு, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகளைச் சலித்துப் பார்த்து, சவ்வின் புரோட்டான் விசையைக் கொஞ்சம் தளர்த்தும் சிலவற்றைக் கண்டெடுத்தது. அந்த அளவில் கிருமியின் வளர்ச்சி குறைவதில்லை, ஆனால் காம்ஏபியால் சிஎஸ்பியை வெளியே தள்ள முடிவதில்லை. சுற்று பற்றிக்கொள்வதே இல்லை. வளர்ச்சியைத் தடுக்காத மருந்து என்பதால், அதைத் தாங்கும் கிருமிக்குத் தனி லாபம் எதுவும் கிடையாது; எதிர்ப்பு உருவாகும் வேகம் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எலிகளில் வேலை செய்திருக்கிறது. மனிதர்களில் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.